நான்கு கப் தாஷி

டிகோரா, ஐயோவா
புதன்கிழமை, 8 அக்டோபர் 2014

அம்மையீர்,

தங்கள் செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பில், இம்மாதம் 5ஆம் தேதி, ஜப்பானியர் புளிக்கவைத்த சோயா விழுதில் வைக்கும் மிசோ சூப்பின் செய்முறையை எழுதியிருந்தீர்கள். அதன் முதல் வரி: "நான்கு கப் தாஷியைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்." தாஷி என்பது யாது, எங்கே கிடைக்கும், எதனால் ஆனது என்று அந்தப் பக்கம் முழுவதிலும் ஒரு சொல் இல்லை. மூன்று முறை படித்துவிட்டேன். தண்ணீர், உப்பு என்பதைப்போல எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் நாற்பத்தோரு ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தியவன். "உரிய மருந்தை உரிய அளவில் கொடுக்கவும்" என்று ஒரு மருத்துவர் சீட்டெழுதினால் அவரைத் தாங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

இங்குள்ள மளிகைக் கடையில் விசாரித்தேன். கல்லாவிலிருந்த பெண் அடுத்த கல்லாவைப் பார்த்து, "தாஷின்னு இங்க யாராவது வேலை பாக்குறாங்களாடி?" என்று எனக்கே கேட்கும்படி கத்தினாள். நூலகத்துக்குச் சென்று தேடியிருக்கலாம். ஆனால் பிழை தங்களுடையது. திருத்த வேண்டியவரும் தாங்களே.

இது வெறும் எரிச்சல் அன்று. நவம்பர் 15, சனிக்கிழமை மதியம் என் மகள் மாரிட் என் வீட்டுக்கு உணவருந்த வருகிறாள். விஸ்கான்சினில் இருக்கிறாள். இந்த வீட்டு மேசையில் அவள் கடைசியாக உட்கார்ந்து அன்றைக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பதினொரு நாள் குறைவாக இருக்கும். காரணம் நான். என்ன சமைக்கட்டும் என்று எழுதிக் கேட்டதற்கு, "தனியாக எதுவும் செய்ய வேண்டாம், என் வீட்டில் பெரும்பாலும் மிசோ சூப்பும் சோறும்தான்" என்று அஞ்சலட்டை போட்டாள். ஆகவே மிசோ சூப். ஆகவே தாஷி.

அருகில் உரக்கப் பேசினாலன்றி எனக்குக் காது கேட்பதில்லை. தொலைபேசியை 2012 மே மாதத்தோடு துண்டித்துவிட்டேன். எழுத்தில் பதில் தரவும்.

பதிலை எதிர்நோக்கும்,
ஹால்வர் நெஸ் (வயது 79)


மினியாபொலிஸ்
20 அக்டோபர்

திரு. நெஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் உணவகத்தின் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். என் சமையல்காரர்கள் இரண்டு நாளாக ஒருவரையொருவர் "உரிய மருந்தை உரிய அளவில்" என்று விரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் சொல்வது சரி. இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தைத் திறந்தபோது தாஷி என்ற சொல்லை உணவுப் பட்டியலில் எழுதப் பயந்து, 'தெளிந்த சூப்' என்று போட்டேன். இன்று பல் மருத்துவர்கள் வந்து உட்கார்ந்து, தாஷியில் போட்டது எந்தக் கரையில் எடுத்த கடற்பாசி என்று கேட்கிறார்கள். போன வாரம் ஒரு கணக்காளர், தாஷியை எத்தனை டிகிரியில் நிறுத்த வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தார். அதனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

என் பெயரையும் முகத்தையும் பார்த்து நான் இதைத் தாய்ப்பாலோடு குடித்தவள் என்று நினைக்கிறார்கள். என் தாத்தாதான் ஜப்பானிலிருந்து வந்தவர். என் அம்மா டப்பா சூப்பைத் திறந்து சூடுபண்ணுகிறவள். நான் தாஷியை முதன்முதலில் குடித்தது இருபத்தாறு வயதில், சிகாகோவில் ஒரு ஓட்டல் சமையலறையில். கற்றுக்கொடுத்தவர் ஆறடி மூன்றங்குலம், செம்பட்டைத் தாடி, பெயர் டெர்மட்.

பொருள்களை என் சமையலறையிலிருந்தே அனுப்பியிருக்கிறேன், மூன்று முறைக்குப் போதும். தட்டையான கறுப்புப் பட்டை கடற்பாசி. காகிதப் பையில் இருப்பது சீவல். பாசியின் மேலுள்ள வெள்ளைப் பூச்சு பூஞ்சணம் இல்லை, ருசியே அதுதான். கழுவாதீர்கள், ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். நான்கு கப் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறட்டும். பிறகு சிறு தீ. கொதிக்கும் முன் பாசியை எடுத்துவிடுங்கள். அடுப்பை அணைத்து, ஒரு பிடி சீவல் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். பிழியக் கூடாது. அந்தத் தெளிந்த சாறுதான் தாஷி, அவ்வளவுதான்.

மகளுக்கு நல்ல பசியோடு வரச் சொல்லுங்கள்.

லோயிஸ் ஒகுடா


டிகோரா
திங்கட்கிழமை, 27 அக்டோபர் 2014

மதிப்பிற்குரிய ஒகுடா அம்மையாருக்கு,

பொதி 23ஆம் தேதி, வியாழக்கிழமை, பழுதின்றி வந்து சேர்ந்தது. நன்றி.

முதல் சோதனை 25ஆம் தேதி, சனிக்கிழமை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நிமிடத்தில் ஒரு சாறு இறங்கும் என்பதை என் மனம் ஏற்கவில்லை. என் மனைவி ஆர்லீன், விருந்து முடிந்த மறுநாள் வான்கோழியின் எலும்புகளைக் காலை எட்டு மணிக்கு அடுப்பிலேற்றி, விளக்கேற்றும் நேரத்தில் இறக்குவாள். எங்கள் ஊரில் சாறு என்றால் அதுதான். எனவே தங்கள் பாசியையும் சீவலையும் ஒன்றாகப் போட்டு நான்கு மணி நேரம் கொதிக்கவிட்டேன். கிடைத்தது சுவர்த்தாள் ஒட்டும் பசை. கசந்தது.

நேற்று, ஞாயிறு, தாங்கள் எழுதியபடி வரிக்குவரி செய்தேன். தேநீர் நிறத்தில், கிண்ணத்தின் அடி தெரியும்படி வந்தது. 1998இல் மூக்கில் அறுவை நடந்தபின் எனக்கு மணம் தெரிவதில்லை. நாக்குக்குப் புகையின் சாயல் மட்டும் எட்டியது. நின்றபடியே ஒரு கப் குடித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு கப்.

ஆர்லீன் காலமானது 2011 மார்ச் 9. அதற்குப் பிறகு அந்த அடுப்பின் முன் நான் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்றது இதுவே முதல் முறை. மாரிட் அடக்கத்துக்கு வந்தாள். தேவாலயத்தில் கடைசி வரிசையில் நின்றாள், விடுதியில் தங்கினாள், மறுநாள் சென்றாள். மேசைக்கு வரவில்லை.

15ஆம் தேதி எதுவும் பிசகக் கூடாது. இந்த ஒரு மதியம் போனால் இன்னொன்று கேட்க எனக்குத் தைரியமும் இல்லை, வயதும் இல்லை. ஒத்திகைக்கும் அன்றைக்குமாக மேலும் மூன்று முறைக்கு வேண்டிய பொருளை, என் செலவில், அனுப்ப இயலுமா?

நன்றியறிதலுடன்,
ஹால்வர் நெஸ்


மினியாபொலிஸ்
4 நவம்பர்

திரு. நெஸ்,

நான்கு மணி நேரம் கொதிக்கவிட்ட செய்தியைப் படித்து, சமையலறையில் ஒருவன் தலையில் கைவைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. டெர்மட்டிடம் நானும் முதல் நாள் அதையே செய்தேன். எலும்பைக் கொதிக்கவைத்துப் பழகிய கை வேறு எதைச் செய்யும்.

பொருள் இத்துடன். செலவைப் பற்றிப் பேசினால் அடுத்த பொதி வராது.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். அந்த மேசையில் என்னதான் நடந்தது? திங்கட்கிழமைகளில் எங்களுக்கு விடுமுறை. அன்றைக்கு நான் வீட்டில் நின்றபடியே ரொட்டியை வாட்டித் தின்கிறேன். இருபது பேருக்குக் குறைவாகச் சமைக்க எனக்கு மறந்துவிட்டது. போன திங்களன்று உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை எடுத்துப் படித்தேன். அதனால் கேட்கிறேன்.

லோயிஸ்


டிகோரா
திங்கட்கிழமை, 10 நவம்பர் 2014

மதிப்பிற்குரிய ஒகுடா அம்மையாருக்கு,

கேட்டீர்கள், சொல்கிறேன். இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

மாரிட் 1991 ஜூன் முதல் இறைச்சியோ மீனோ தொடுவதில்லை. நான் அதை ஒரு காய்ச்சலைப்போலக் கருதி, விடும் விடும் என்று காத்திருந்தேன். 2009 நவம்பர் 26, நன்றி நாள் விருந்து. வான்கோழியோடு வைக்கும் ரொட்டிக் கலவையை அவளுக்காக ஆர்லீன் தனித் தட்டில் வைத்திருந்தாள். அது வறண்டு கிடந்தது. ஆர்லீன் அறையைவிட்டு அகன்றபோது நான் இரண்டு கப் வான்கோழிச் சாற்றை அதில் ஊற்றிவிட்டேன். மாரிட் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். அவள் கரண்டியை வைக்கும்வரை காத்திருந்து, "பாத்தியா, உனக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். வென்றுவிட்டவன் குரலில் சொன்னேன். அவள் மேலங்கியை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். பனியில் நூற்று முப்பது மைல்.

ஆர்லீன் அதன்பின் வாழ்ந்தது பதினைந்து மாதம். அந்த இரண்டு கப்பைப் பற்றி என்னிடம் ஒருமுறைகூடப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஆகவேதான் இந்தச் சூப் எனக்குப் பெரும் நிம்மதி. பாசி, சீவல், மிசோ, வெங்காயத்தாள், சோயாக் கட்டி. ஒரு உயிரும் இதில் இல்லை. இம்முறை நான் எதை வைத்தாலும் அவள் கண்ணைப் பார்த்து வைக்கலாம். ஒரே ஒரு விவரம் தேவைப்படுகிறது: அந்தச் சீவல் எந்த மரத்தின் பட்டை? மாரிட் கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டும்.

நாளை படைவீரர் நாள், அஞ்சல் விடுமுறை. ஆதலால் இது புதனன்றுதான் புறப்படும்.

தங்கள்,
ஹால்வர் நெஸ்


மினியாபொலிஸ்
வியாழன், 13 நவம்பர், மாலை 5.30

திரு. நெஸ்,

அதைச் சமைக்காதீர்கள். சமைத்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

சீவல் மரப்பட்டை இல்லை. அது மீன். சூரை மீனை அவித்து, புகையில் போட்டு, கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தி, இழைப்புளியில் சீவுவது. பையின்மேல் எழுதாமல் அனுப்பினேன். செய்முறையிலும் சொல்லவில்லை. இது தெரியாத ஆள் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பாசியை மட்டும் ஊறவைத்து அந்தத் தண்ணீரில் செய்யுங்கள். மெல்லியதாக இருக்கும், ஆனால் சுத்தமாக இருக்கும்.

உங்கள் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. அஞ்சலகம் மூடிவிட்டது. காலையில் கதவு திறந்ததும் இதைப் போடுகிறேன். உங்கள் ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. தொலைபேசியை ஏன்தான் துண்டித்தீர்கள்.

லோயிஸ்


டிகோரா
ஞாயிற்றுக்கிழமை, 16 நவம்பர் 2014

மதிப்பிற்குரிய ஒகுடா அம்மையாருக்கு,

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மாரிட் 12.25க்கு வந்தாள். முடி நரைத்திருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை. மேலங்கியைக் கழற்றி, அவள் அம்மா மாட்டும் கொக்கியில் மாட்டினாள். 12.50க்கு உட்கார்ந்தோம். கிண்ணத்தைக் கையில் எடுத்தவள், வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னைப் பார்த்தாள். என் பக்கம் குனிந்து, எனக்குக் கேட்கும்படி நிதானமாகக் கேட்டாள்.

"அப்பா, கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இதுல மீன் எதுவும் போடலையே? நிறைய பேர் போடுவாங்க."

"இல்லம்மா. பாசியும் ஒரு மரப்பட்டையும்தான். ஒரு உணவகத்துக்காரம்மா அவங்க கையாலயே அனுப்புனாங்க."

"பட்டையா?" என்று சற்று நேரம் கிண்ணத்துக்குள் பார்த்தாள். பிறகு, "சரி, நீங்க சொன்னா சரி" என்றாள்.

இரண்டு கிண்ணம் குடித்தாள். தான் வைப்பதைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னாள். அவளுடைய வேலை, அவள் வளர்க்கும் கிழட்டு நாய், அவள் அம்மாவின் கையெழுத்தில் தன்னிடமுள்ள சமையல் அட்டைகள் என்று பேசினோம். இரண்டு மணிக்கு, தானே பாத்திரம் கழுவுவதாகச் சொல்லி எழுந்தாள். வாசலில் அஞ்சல் வண்டி வந்து போனது. நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். தங்கள் கடிதம். பனியில் நின்றபடியே படித்தேன். அப்போது மணி 2.10.

உள்ளே வந்தேன். அவள் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். தோள்கள் அசைந்த விதத்தில், பாடிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. சிறுமியாக இருந்தபோதும் கழுவும்போது பாடுவாள். அந்தப் பாட்டை என்னால் கேட்க முடியவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அவள் புறப்பட்டது 3.05க்கு. ஐம்பத்தைந்து நிமிடம். இடையில் காப்பி குடித்தோம். "நன்றி நாளுக்கு வரட்டுமாப்பா? இதே சூப்பை வைங்க, போதும்" என்று அவளே கேட்டாள். வா என்றேன். வாசலில் என் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

2009இல் நான் செய்தது குரூரம். நேற்று 2.10வரை நான் செய்தது அறியாமை. 2.10க்குப் பின் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை, தாங்களாவது சொல்லுங்கள்.

ஹால்வர் நெஸ்


மினியாபொலிஸ்
19 நவம்பர், புதன்

அன்புள்ள திரு. நெஸ்,

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளியன்று காலை நானே காரை எடுத்திருந்தால் மூன்று மணி நேரத்தில் உங்கள் வாசலில் நின்றிருப்பேன். அன்றைக்கு அறுபது பேருக்குக் கல்யாண விருந்து இருந்தது. அஞ்சல்தலை ஒட்டிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன். விருந்தில் எல்லோரும் சூப்பைப் புகழ்ந்தார்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மகளுக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் 27ஆம் தேதி, நன்றி நாளன்று, அந்த மேசையில் உங்களுக்கு ஒரு வாய் இறங்காது. ஆனால் என் கடிதம் திங்கட்கிழமை, 17ஆம் தேதி வந்ததாக எழுதுங்கள். இரண்டு நாள் வித்தியாசம். பழி முழுவதும் என்மேல் விழும், விழட்டும். பாதிக்கு மேல் அது உண்மையும்கூட. மீனை அனுப்பியது நான், பெயரெழுதாமல் விட்டது நான். "அப்பாவுக்கும் தெரியாது" என்று அவள் உங்களை மன்னித்துவிடுவாள். அந்த ஐம்பத்தைந்து நிமிடம் உங்களையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

27ஆம் தேதிக்கு: காய்ந்த காளான் ஆறு, பாசி ஒரு துண்டு (இம்முறை பெயரெழுதிய உறையில், இத்துடன்), நான்கு கப் குளிர்ந்த தண்ணீர். முதல் நாளே ஊறவையுங்கள். கொதிக்கவிடாதீர்கள். காளானை அந்த மளிகைக் கடையிலேயே வாங்கலாம், அது காளான் என்று கல்லாப் பெண்ணுக்கே தெரியும்.

பெயர் என்ன என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதற்குப் பெயர் தெரியவில்லை. பாடிக்கொண்டிருந்த பெண்ணை நானும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

உங்கள் லோயிஸ்


டிகோரா
வெள்ளிக்கிழமை, 28 நவம்பர் 2014

அன்புள்ள லோயிஸ் அம்மையாருக்கு,

தாங்கள் சொன்னபடி எழுத உட்கார்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. 20ஆம் தேதி ஒரு தாளில் "17ஆம் தேதி, திங்கட்கிழமை" என்று எழுதவும் செய்தேன். நல்ல கையெழுத்தில், நம்பும்படியாகவே இருந்தது. நாற்பத்தோரு ஆண்டுகளில் ஒரு மருந்துப் புட்டியின்மேல்கூட நான் தேதியை மாற்றி எழுதியதில்லை என்பது என்னைத் தடுத்த காரணமல்ல, அந்தத் தாளை அனுப்பியிருப்பேன். ஆனால் அவள் மன்னித்திருந்தால், மன்னிக்கப்பட்டவன் அந்தத் தாளில் இருந்தவனாக இருந்திருப்பான். அவனோடு அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 21ஆம் தேதி வேறு தாள் எடுத்து, 15ஆம் தேதி 2.10 என்று எழுதி அனுப்பினேன். தங்கள் தவறு எவ்வளவோ அவ்வளவையே தங்கள் பெயரில் எழுதினேன், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

பதில் வரவில்லை. அவள் வரமாட்டாள் என்றே இருந்தேன். இருந்தாலும் காளானை ஊறவைத்தேன். நேற்று 12.40க்கு அவளுடைய கார் வந்து நின்றது.

மேலங்கியைக் கழற்றவில்லை. தன் உணவை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தாள், அதையும் திறக்கவில்லை. நான் சூப்பைக் காட்டி, காளானின் உறையையும் பாசியின் உறையையும் அவள் முன் வைத்தேன். இரண்டையும் படித்தாள். தலையசைத்தாள். ஆனால் கிண்ணத்தைத் தொடவில்லை.

"நீங்க சாப்பிடுங்க, ஆறிடும்" என்றாள். நான் சாப்பிட்டேன். ஒருவர் பார்க்க, ஒருவர் சாப்பிடுவது எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று எனக்கு முன்பு தெரியாது.

பிறகு கேட்டாள்.

"லெட்டர் வந்தப்ப நான் பாடிக்கிட்டு இருந்தேன்ல?"

"ஆமா."

"திங்கக்கிழமை வந்துச்சுன்னு எழுதியிருக்கலாமேப்பா. நான் நம்பியிருப்பேன்."

"தெரியும்."

அவள் நெடுநேரம் மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்தாளா, அழப்போகிறாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் முகத்தைப் படிக்கும் பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது. என்னிடம் கேட்க ஒன்றுதான் இருந்தது. இனி வருவாயா என்று கேட்டேன்.

"வருவேன்பா. ஆனா இங்க சாப்பிட மாட்டேன்."

கடுமையாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டவனுக்குச் சொல்லும் பதில்போலச் சொன்னாள். என் காதுக்கு எட்டியதா என்று சந்தேகப்பட்டு, ஒரு முறை திரும்பவும் சொன்னாள்.

புறப்பட்டபோது மணி மூன்று. அடுத்த வருகை டிசம்பர் 20, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. மதிய உணவு முடிந்தபின். நேரத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். சமையலறை நாட்காட்டியில் குறித்துவிட்டேன். அந்த நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே, என்ன சமையல் என்று எழுத ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றும் எழுதவில்லை.

தங்கள்,
ஹால்வர்